தண்ணி கேட்டு வந்த பழைய புரோகிராம்

ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே ‘தோட்டம்’ என்று ஒரு மாட்யூல், அதாவது மற்ற புரோகிராம்கள் வேண்டியதைக் கேட்டு வாங்கும் ஒரு தொகுப்பு, இருந்தது. அதிலே பேச்சுவழக்கில் வைத்திருந்த பெயர்களையெல்லாம் ஒருநாள் ஒருவர் திருத்தினார். தண்ணி, தண்ணீர் ஆனது. திருத்தியவர் வாசலில் ஃபங்ஷன் என்கிற ஒரு குட்டி நிரல்துண்டையும் உட்கார வைத்தார். உள்ளே இல்லாத பெயரை யாராவது கேட்டால் மட்டும்தான் அதற்கு வேலை.

மறுநாள் காலையில், நாற்றுக்கு நீர் விடும் பழைய புரோகிராம் அவசரமாக வந்தது.

"தோட்டம், தண்ணி குடு!"

"அப்படி ஒரு பேரே இங்க இல்லையே," என்றது உள்ளே இருந்த உரம். தனக்கும் புதுப் பெயர் கிடைத்த மிடுக்கு அதற்கு.

பழைய புரோகிராம் திகைத்துவிட்டது. ‘இல்லை’ என்று பதில் வந்தால் அது அங்கேயே நின்றுபோகும். வெளியே கத்தரி நாற்றெல்லாம் வெயிலில் காய்ந்துவிடும்.

வாசலில் இருந்த ஃபங்ஷன் எழுந்து வந்தது.

"அட, அண்ணன் நம்ம தண்ணீரைத்தான் கேக்குறாரு. இந்தாங்கண்ணே, எடுத்துட்டுப் போங்க. இனிமே தண்ணீர்னு கேளுங்க, என்ன?"

"சரி தங்கச்சி, சரி சரி!" என்று அது வாங்கிக்கொண்டு ஓடியது.

"இப்படி இடம் குடுத்தா அவரு எப்ப சரியான பேரைக் கத்துக்கிறது?" என்றது உரம்.

"அவரு கத்துக்கிறதுக்குள்ள கத்தரி வாடிடுமே!"

உரம் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்து வந்தது.

"அக்கா, யாராவது எருன்னு கேட்டு வந்தா, அது நான்தான்னு சொல்லிடுங்க."