நாலடியா, அஞ்சடியா?

“பிரிண்டரை அஞ்சடி அகலத்துக்கே வாங்கிடலாம்,” என்றாள் கப் அக்கா. “எதிர்க்கடைக் கொடிக்காரர்கிட்ட இருக்கறதே நாலடிதான்.”

கணவர் கப்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நமக்கு எதுக்கு அஞ்சடி? ரெண்டடி பிரிண்டரே இப்ப இருக்கறதைவிட மூணு மடங்கு பெருசு. டி-ஷர்ட்டுக்கு அதுவே தாராளம்.”

“ஜெர்சி முழுக்கப் பிரிண்ட் கேக்கறாங்களே, அதுக்கு? கொடி, பேனருக்கு?”

“அதான் எதிர்க்கடைக்குக் குடுத்துடறோமே.”

“அதைத்தான் நானும் சொல்றேன். நம்மைத் தேடி வந்த கஸ்டமர் அங்க போய் உக்காந்திருக்காங்க. பார்த்தா வயிறு எரியுது.”

செய்வது என்னவோ இரண்டு கடையிலும் ஒரே வேலைதான். சப்ளிமேஷன் பிரிண்டரில் படத்தைக் காகிதத்தில் அடித்து, சூடு போட்டு, கப்புக்கோ துணிக்கோ ஏற்றுவது. அவர் அகலமான துணியில் அடிப்பார். அதனால் கொடிக்காரர். இவள் தெருவுக்கே கப் அக்கா.

நாலு வருஷத்துக்கு முன்னால் கணவருக்கு வேலை போனபோது, ஒரே ஒரு கப் மெஷினோடு கடையைத் திறந்தாள். முதல் வாரமே ஆர்டர் குவிந்தது. தன் கைராசி என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

“சரி, வாங்கறதுன்னா எதுக்கும் அவரையே ஒரு வார்த்தை கேட்டுடு,” என்றார் கணவர். “அதுலயே ஊறின மனுஷன்.”

“அவர் பொழப்புல எப்படிக் கை வைக்கறதுன்னு அவர்கிட்டயே கேக்கவா?”

“நாசூக்கா கேளு.”

நாசூக்காகத்தான் கேட்டாள்.

“எங்க அக்கா வெளியூர்ல கடை போடறாங்கண்ணே. அஞ்சடி பிரிண்டர் வாங்கலாமான்னு கேக்கறாங்க.”

கொடிக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே பேசினார்.

“பிரிண்டர் மட்டும் அகலமா இருந்தாப் போதாதும்மா. சூடு போடற மெஷினும் அதே அகலத்துக்கு வேணும். எல்லாரும் அதை மறந்துடுவாங்க.”

அவளும் மறந்திருந்தாள்.

“தினம் ஓட்டணும். நாலு நாள் சும்மா போட்டா மை காய்ஞ்சு அடைச்சுக்கும். அஞ்சடி வேணாம், பேப்பர் ரோலைத் தூக்கவே ரெண்டு ஆள் தேடணும். நாலடி எடுக்கச் சொல்லுங்க.”

“சொல்லிடறேண்ணே.”

“மெஷினை இறக்கறப்ப, உங்க வாசல்ல இருக்கற கண்ணாடி ஷோகேஸைத் தள்ளி வச்சுக்குங்க. இடிக்கும்.”

“எங்க... அக்கா கடையில ஷோகேஸ் இல்லண்ணே.”

“சரிம்மா,” என்றார் கொடிக்காரர். “உள்ரூம்ல சாம்பிள் துணி இருக்கு. அக்காவுக்குக் காட்ட எடுத்துட்டுப் போங்க.”

உள்ளறையில் சாம்பிள் துணிக்குப் பக்கத்திலேயே அது நின்றது. ஒரே நேரத்தில் ஆறு கப் போடும் மெஷின். துளி தூசி இல்லை. அவர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் சூடும் ஏறியது.

அணைத்துவிட்டு, சாம்பிளை எடுக்காமலே வந்துவிட்டாள்.

“என்ன சொன்னாரு?” என்றார் கணவர்.

“நாலடி போதுமாம். உள்ள கப் மெஷின் வச்சிருக்காரு. ஆறு கப்பு. நல்லாத் துடைச்சு, ரெடியா. நம்ம வயித்துல அடிக்கறதுக்கு நாள் பாத்துட்டு இருக்காரு.”

“நல்லவர் மாதிரில்ல இருந்தாரு?”

“மாதிரிதான்.”

உடனே டீலருக்கு போன் போட்டாள். “அந்த அஞ்சடி பிரிண்டர்...” என்று ஆரம்பிக்கும்போதே ஒருவர் உள்ளே வந்தார். கையில் பிடி உடைந்த கப்.

“இதே மாதிரி அறுபது வேணும்மா. ஆபீஸுக்கு.”

அவள் போனைப் பொத்திக்கொண்டு கப்பைத் திருப்பிப் பார்த்தாள். “இது நான் போட்டது இல்லையே.”

“எதிர்க்கடையில போட்டது. அஞ்சாறு வருஷம் இருக்கும். அப்ப இந்தத் தெருவுல கப்புன்னா அவர்தானே? இப்பவும் நேரா அங்கதான் போனேன்.”

“போட மாட்டேன்னுட்டாரா?”

“மெஷின் ரிப்பேராம். நாலு வருஷமா ரிப்பேராம். எதிர்ல போங்க, அந்தம்மா நல்லாப் போடுவாங்கன்னு வாசல் வரைக்கும் வந்து காட்டிட்டுப் போறாரு. அப்படி என்னதான் ரிப்பேரோ.”

கணவர் அடுக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?” என்றது போன். “அஞ்சடிதானே?”

“ரெண்டடி.”

“ரெண்டடியா? அப்புறம் அகலமா வேலை வந்தா என்ன பண்ணுவீங்க?”

“மெஷின் ரிப்பேர்னு சொல்லிடுவேன்,” என்றாள் கப் அக்கா.