பக்கத்து மேசை

"பெயர்?"

"அப்பா, என்ரை பெயர் உங்களுக்குத் தெரியாதோ?"

"இப்ப நான் அப்பா இல்லை, அதிகாரி. பெயர்?"

"தாட்சாயினி குணரத்தினம்."

"பள்ளிக்கூடத்திலை சேர்ந்த தேதி?"

"செப்டம்பர், தொண்ணூற்றி மூண்டு."

"மாசத்தைக் கேக்கேல்லை. தேதி! தேதி பிசகினால் கேஸ் கவிண்டுது."

குணரத்தினத்துக்குத் தெரிந்த நேர்முகம் ஒன்றே ஒன்றுதான். பதினேழு வருடத்துக்கு முன்னர் மொன்றியலில் நடந்த அவருடைய அகதி விசாரணை. அதில் வென்றவர் என்ற தெம்பில், மூன்று நாளாக மகளைக் குசினி மேசையில் வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

"இது விசாரணை இல்லை அப்பா. அந்த அமெரிக்க யூனிவர்சிட்டியிலை முந்திப் படிச்ச ஒருத்தர் இஞ்சை இருக்கிறார். அவரோடை ஒரு கோப்பி குடிச்சுக் கதைக்கிறது, அவ்வளவுதான். அவர் நல்லா எழுதினால் முழுச் செலவும் தந்து எடுப்பினம்."

"எழுதாட்டில்?"

"எடுக்கமாட்டினம்."

"பேந்தென்ன, விசாரணைதானே! எனக்கும் கோப்பி தந்துதான் கேட்டவை."

அடுப்படியில் நின்ற அம்மா செல்வமலர் திரும்பினாள். "மாட்டம் எண்டால் அப்பீல் பண்ணலாமோ, பிள்ளை?"

ஒரு தடித்த பைல் தயாராகியிருந்தது. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, நீச்சல் சான்றிதழ், பல் வைத்தியரின் கடிதம். எல்லாவற்றிலும் மும்மூன்று பிரதி.

"பல்லுக்கு என்னத்துக்கு அப்பா?"

"கேட்டால் முழிக்கக் கூடாது. மற்றது, கேட்டதுக்கு மட்டும் பதில். கூடக் கதைச்சுக் கெட்டவை கனபேர்."

"சரி. ஆனால் நீங்கள் அங்கை வரக் கூடாது. தாய் தகப்பன் வந்து நிண்டால், இந்தப் பிள்ளைக்குத் தனிய ஒண்டும் ஏலாது எண்டு எழுதிப்போடுவினமாம். பள்ளிக்கூடத்திலை ரெண்டுதரம் சொல்லி விட்டவை."

"நான் ஏன் வாறன்? சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம்."

சனிக்கிழமை, மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு கோப்பிக் கடை. ஹென்றி என்ற அந்தப் பழைய மாணவருக்கு ஐம்பது வயதிருக்கும். எழுந்து நின்று கைகொடுத்தார். மெட்ரோவில் வரும்போதே பைலை முதுகுப் பையின் அடியில் ஒளித்துவிட்டிருந்த தாட்சாயினி நிம்மதியாக உட்கார்ந்தாள்.

இரண்டாவது கேள்வியில் நிம்மதி போய்விட்டது.

பக்கத்து மேசையில் பிரெஞ்சுப் பேப்பர் ஒன்று விரிந்திருந்தது. அதற்கு மேலே காதை மூடும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். அவள் நல்ல பதில் சொன்னால் பேப்பர் மேலும் கீழும் ஆடியது. பதில் நீண்டால் பேப்பர் இருமியது.

ஹென்றி, "ஏன் உயிரியல்?" என்று கேட்டார்.

அவள் தவளையில் தொடங்கி மரபணு வரைக்கும் போனாள். பேப்பர் இருமித் தள்ளியது. அவள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, "அவ்வளவுதான்" என்றாள்.

இதற்குள் கடை நிரம்பிவிட்டது. இடமில்லாமல் ஒரு கிழவி வந்து அப்பாவின் மேசையிலேயே அமர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், அப்பா தன் கேக்கில் பாதியை வெட்டி அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து தாட்சாயினியைப் பார்த்தார்கள். அவள் பதில் சொன்னபோது கிழவியும் தலையாட்டினாள்.

ஹென்றி பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தத் தொப்பிக்காரர் அரை மணித்தியாலமாக எங்களையே பார்க்கிறார். தெரிந்தவரா? தொந்தரவென்றால் சொல்லுங்கள், கடைக்காரரிடம் சொல்லி வெளியே அனுப்பலாம்."

தாட்சாயினி திரும்பிப் பார்த்தாள். பேப்பர் மெல்ல இறங்கியது. அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'இல்லையெண்டு சொல்லு' என்பதுபோல் தலையை அசைத்தார். ஒரு கையால் ஏற்கெனவே ஜாக்கெட்டை எடுத்துவிட்டிருந்தார்.

ஒரு சொல் போதும். அப்பாவே சம்மதித்துவிட்டார். வெளியே சைபருக்குக் கீழே இருபது பாகைக் குளிர்தான். அந்தப் பெரிய ஜாக்கெட்டுக்கு அது ஒன்றுமில்லை. நாலு வருடப் படிப்பு, முழுச் செலவு.

"அவர் என் அப்பா," என்றாள். "வரவேண்டாம் என்று சொன்னேன். ஆனாலும் வந்துவிட்டார். அவரை வெளியே அனுப்பாதீர்கள்."

ஹென்றி நேர்முகப் படிவத்தை இழுத்துக் கடைசிக் கட்டத்தில் ஏதோ எழுதினார்.

முடிந்தது, என்று நினைத்தாள். அப்பீலும் இல்லை.

ஹென்றி படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். 'இவரைக் கட்டாயம் எடுக்கவும்' என்றிருந்தது.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன்?"

"உங்கள் அப்பாவின் கேக்கைச் சாப்பிடுகிறாரே, அது என் அம்மா. அக்னெஸ். நான் யாரை நேர்முகம் கண்டாலும் அவரையும் கூட்டிக்கொண்டு வருவேன்; பக்கத்தில் எங்கேயாவது இடம் பிடித்து இருப்பார்."

"அவவும் யூனிவர்சிட்டி ஆளா?"

"இல்லை. தையல் ஆலையில் வேலை செய்தவர்." ஹென்றி பேனாவை மூடினார். "முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னர், என்னுடைய நேர்முகத்துக்கும் இப்படித்தான் சொல்லாமல் வந்து பக்கத்து மேசையில் இருந்தார். உங்களிடம் கேட்டதையே என்னிடமும் கேட்டார்கள். நான் அவரைத் தெரியாது என்றேன். அம்மாவை எழுப்பிப் பனிக்குள் அனுப்பினார்கள்."

அவர் ஒரு மிடறு கோப்பி குடித்தார்.

"எனக்கு இடம் கிடைத்தது."