லியோனார்டின் இருமல்

“இந்த இருமலோட நாளைக்கு எப்படிலா பிராக்டிகல் பண்ணப் போற?” என்று கேட்டுக்கொண்டே, கூடப் படிக்கிற பெட்ரீசியா கைப்பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாயை எடுத்து நீட்டினாள்.

லியோனார்ட் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த சீனியைப் பார்த்துக் கண்ணடித்தான். அவனுக்குச் சளியும் இல்லை, சுரமும் இல்லை. அந்த இருமல் எதற்கு என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு பேரும் காம்பார் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். லியோனார்ட், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி மரியஜோசப்பின் மகன். சீனி, பால் வெட்டுகிற ராக்காயியின் மகன். ஈப்போவில் ஒரே காலேஜ், ஒரே வாடகை அறை, எச்.எஸ்.சி.க்கு அதே பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி.

போன வருஷம், ஒரு சோதனை. கண்ணாடிக் குழாயிலிருந்து ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கீழே குடுவையில் இருக்கும் மஞ்சள் தண்ணீர் சிவக்கிற அந்த நிமிஷம் திருகை மூடி, அளவைக் குறிக்க வேண்டும். அன்றைக்குத்தான் சீனி லியோனார்டின் காதில் சொன்னான்.

“மச்சான், எனக்குக் கலர் தெரியாதுலா. செவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. வெளிய சொல்லிடாத, காலேஜ விட்டே தூக்கிருவாங்க.”

அதற்கப்புறம் சீனியின் தண்ணீர் சிவக்கும்போது லியோனார்ட் இருமுவான், சீனி திருகை மூடுவான். இதற்குக் கூலியாக லியோனார்டின் சட்டைகளைச் சீனி துவைத்துப் போட வேண்டும். சில நாள் லியோனார்ட் வேண்டுமென்றே முன்னாடியே இருமி வைப்பான். லெக்சரர் எல்லார் முன்னாலும் சீனியைத் திட்டுவார். அறைக்கு வந்து “குருட்டுக் கோழி, குருட்டுக் கோழி” என்று லியோனார்ட் விழுந்து விழுந்து சிரிப்பான். சீனியும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

இப்போது கோப்பிக் கடை மேசையில், அம்மா கொடுத்து அனுப்பிய ரம்புத்தான் கொத்தைச் சீனி வைத்தான். பாதிக்கு மேல் இன்னும் சிவக்காத காய். பேசிக்கொண்டே பழமாகப் பிய்த்துப் பெட்ரீசியாவின் பக்கம் தள்ளினான்.

“தோட்டத்துக் கம்பெனி ஒரே ஒரு ஆளத்தான் பினாங்கு யூனிவர்சிட்டிக்கு அனுப்பும்னு போன வருஷமே சொல்லிட்டாங்க. இதுவரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. நாளைக்குப் பிராக்டிகல்ல யாரு மேல வாராங்களோ அவங்களுக்குத்தான். எனக்குக் கெடைக்கலன்னா அம்மாகூட பால் வெட்டத்தான் போகணும்.”

“போனா என்னலா? தோள்ல காண்டா வாளி போட்டுப் பால் தூக்குறதுக்குப் பிராக்டிகல் எல்லாம் கெடையாது” என்றான் லியோனார்ட்.

“வாயக் கழுவுடா நீ!” என்றாள் பெட்ரீசியா.

சீனி கோபப்படவில்லை. “நாளைக்கு ஒன் இருமல் மட்டும் நின்னுறக் கூடாது மச்சான்.”

“அலாமாக்! இருமல் நிக்கக் கூடாதா? ஒங்க ரெண்டு பேருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் எடம் கெடைக்கும்” என்று அவள் சிரித்தாள்.

லியோனார்டும் சிரித்தான். மகன் பினாங்கு போகப் போகிறான் என்று அவன் அப்பா கோயிலில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. நாளைக்கு எப்போது இரும வேண்டும் என்பதை அவனும் முடிவு செய்துவிட்டான்.

மறுநாள் பரீட்சையில், சேர்ந்தே பெயர் பதிந்ததால் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. லியோனார்ட் முதலில் ஆரம்பித்தான். தன் குழாயைச் சொட்ட விட்டுவிட்டு, சீனியின் குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சீனியின் குழாயில் அளவு பதினைந்து. தண்ணீர் நல்ல மஞ்சள்.

லியோனார்ட் இருமினான்.

சீனி சட்டென்று திருகை மூடினான். நன்றியோடு ஒரு பார்வை பார்த்தான். லியோனார்டுக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை.

தன் குடுவைப் பக்கம் திரும்பினான். அது சிவந்திருந்தது. நல்ல வேளை, இப்போதுதான் மாறியிருக்கும் என்று நினைத்து மூடினான். அளவு இருபத்தெட்டு. மறுபடி செய்தபோது குடுவையைப் பார்க்காமல், அளவை மட்டும் பார்த்து அதே இருபத்தெட்டில் நிறுத்திக்கொண்டான்.

வெளியே பெட்ரீசியா காத்திருந்தாள். “எனக்கு இருபத்திமூணு. ஒனக்கு?”

“கோட்டை விட்டுட்டியா? இருபத்தெட்டுலா! சீனிக்கு இன்னும் மோசமா இருக்கும், கேட்டுப் பாரு.”

சீனி கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். “எனக்கும் இருபத்திமூணுதான்.”

லியோனார்டின் முகம் செத்துப் போனது. “டேய், பதினஞ்சுல நான் இருமுனப்ப மூடுனியே!”

“மூடுனேன். நீ அந்தப் பக்கம் திரும்புனதும் தொறந்தேன்.”

“கலர் தெரியாம எப்படிடா?”

சீனி அவன் தோளில் கை போட்டான். பெட்ரீசியாவுக்குக் கேட்காமல், அன்றைக்குச் சொன்ன மாதிரியே காதில் சொன்னான்.

“ஒன்னோடது அப்பவே செவந்துருச்சு மச்சான். எனக்குத்தான் இருமல் வரல.”