அவருக்கு மட்டும் ஒரு பாலிசி

“நாற்பது வருஷம் இந்த வீட்டுக்கு உழைச்சுக் கொட்டினேன். கடைசில தன் பேர்ல மட்டும் ஹெல்த் இன்சூரன்ஸ் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார் உங்கப்பா. நான் எக்கேடு கெட்டா அவருக்கென்ன?”

மகள் வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா ஜன்னலோரம் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். படிக்கிற மாதிரி தெரியவில்லை.

“நிஜமாப்பா?”

“ம்.”

“ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே போடச் சொன்னேன்? டெஸ்ட்டெல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போய் எடுத்துட்டு வந்தீங்க?”

“அறுபது தாண்டினவங்களுக்கு எக்கச்சக்கமா பிரீமியம் கேக்கறான்மா. எனக்குச் சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு. அவளுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கா?”

“ஆமாமா!” சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அவர் ஆஸ்பத்திரில ஏசி ரூம்ல படுத்துக்கட்டும். நான் வராந்தாவுல படுத்துக்கறேன்!”

மகள் கைப்பையை நாற்காலியில் விட்டெறிந்தாள். அப்பா பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு போல்ட் கொடுக்க இரண்டு கையெழுத்து கேட்பார் என்று டிப்போ முழுக்கப் பெயர். அந்தக் கஞ்சத்தனம் ஸ்டோரோடு ஒழிந்தது என்று நினைத்தால், வீடு வரைக்கும் வந்து கட்டின பெண்டாட்டி மேலேயே கை வைத்துவிட்டது.

“அம்மா எப்படி இளைச்சுப் போயிட்டா, ஒருநாளாவது நிமிர்ந்து பாத்தீங்களா?”

அவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார்.

“சரி. நீங்க உங்க பாலிசியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே இருங்க. ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன். அம்மா இனிமே என்னோடதான்.”

பேப்பர் கீழே இறங்கியது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

“அது மட்டும் வேண்டாம்மா. என்னை என்ன வேணும்னாலும் திட்டு. அவ இங்கேயே இருக்கட்டும்.”

“ஏன், வேளாவேளைக்கு வடிச்சுக் கொட்ட ஆள் வேணுமா?”

அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

மகள் கையோடு மாடிக்குப் போய் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாள்.

“எங்கம்மா பேர்லயும் ஒரு பாலிசி வேணும். எவ்வளவு ஆனாலும் நான் கட்டறேன்.”

ஏஜென்ட் இழுத்தார். “அது... சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“அவரை எதுக்குக் கேக்கணும்? அம்மாவையே என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன்.”

“ஐயோ மேடம், அதைச் செஞ்சிடாதீங்க!” ஏஜென்ட் பதறிவிட்டார். “ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சார் விண்ணப்பம் கொடுத்தார். கம்பெனிதான் அம்மாவை எடுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.”

“ஏன்?”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“ஸ்கேன்ல ஈரல்ல கட்டி இருக்குன்னு வந்தது. கம்பெனி இன்னொரு டெஸ்ட் கேக்குதுன்னு பொய் சொல்லி, சார் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். நானும் கூடப் போனேன். பரவிடுச்சாம் மேடம். இனிமே வலி தெரியாமப் பாத்துக்கறதுதான் வைத்தியம்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசமோ, என்னவோ.”

மகள் மாடிச் சுவரோரம் போய், தெருவில் அப்பா தெரிகிறாரா என்று எட்டிப் பார்த்தாள்.

“அப்ப அவர் பேர்ல மட்டும் எதுக்குப் போட்டார்?”

“நானும் கேட்டேன். ‘நான் விழுந்தா கம்பெனி பாத்துக்கட்டும்யா, கையில இருக்கறது பூரா அவளுக்கு வேணும்’னார். அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். கஞ்சன்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும், இருக்கற நாளைப் பயப்படாம இருந்துட்டுப் போகட்டும்னார்.”

போனை வைத்துவிட்டு மகள் அழுது தீர்த்தாள். எவ்வளவு பேசிவிட்டோம்! முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வளையல் முழங்கை வரை சரிந்து சரிந்து இறங்கியது. ஒரு தட்டைக் கழுவ இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

“அம்மா, அப்பாவை இனிமே திட்டாதேம்மா. பாவம் அவர்.”

அம்மா குழாயை மூடினாள். மகளின் சிவந்த கண்களையே பார்த்தாள்.

“ஏஜென்ட் சொல்லிட்டாரா?”

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஃபாரத்துல என் போன் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கார் உங்கப்பா. ஸ்டோர்ல ஒரு ஸ்க்ரூ தவற விடாத மனுஷன், இதைக் கோட்டை விட்டுட்டார். கம்பெனி லெட்டரை அவர் பீரோவுல ஒளிச்சு வெச்சார், எனக்கு அதுக்கு முந்தின நாளே மெசேஜ் வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணிக் கேட்டேன். என் ரிப்போர்ட்தானே, சொல்லிட்டாங்க.”

“எல்லாம் தெரிஞ்சுமா அவரை இந்தத் திட்டுத் திட்டறே?”

வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“நான் திட்டற வரைக்கும்தான்டி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவர் நிம்மதியா இருப்பார்.”