மூன்றாவது ஆதாரம்

"நடிகர்களைப் பத்தி யாரும் எழுதக் கூடாதுன்னு ஒரு விதி போட்டுடலாம் சார். இன்னிக்கே."

தொலைபேசியின் மறுமுனையில் நூலகர் சிரித்தார். "எதுக்கு மேடம் இவ்வளவு அவசரம்? வீடு தீப்பிடிச்ச மாதிரி!"

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. பிடித்தது தீதான். ‘தபால்காரி’ வானொலி நாடகத்துக்காக ரசிகர்கள் நடத்தும் விக்கி இணையதளத்தில் ‘கவனித்தவை’ என்று ஒரு பக்கம் உண்டு. மற்றவர்கள் கோட்டைவிட்ட நுணுக்கங்களை ரசிகர்கள் அங்கே எழுதுவார்கள். அதற்கு இவளும் நூலகரும் நிர்வாகிகள். ‘தபால்காரிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு’ என்று எழுதுகிற மகானுபாவர்களை வடிகட்ட இவளே மூன்று விதிகள் போட்டிருந்தாள். ஊருக்கே தெரிந்ததை எழுதாதே. ஊகத்தை எழுதாதே. எந்தப் பகுதி, எத்தனையாவது நிமிடம் என்று சொல்லாமல் எழுதாதே.

இன்று காலை ‘ஏழாம் வரிசை’ என்ற பெயரில் யாரோ ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

‘அறுபத்தோராம் பகுதியிலிருந்து தபால்காரிக்குக் குரல் கொடுப்பது வேறு ஆள்.’

அது உண்மை. அறுபதாம் பகுதி வரை தபால்காரியாகப் பேசிய அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகி, மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை அக்காவின் குரலில் பேசிக்கொண்டிருப்பது இவள்தான். "வெளியே தெரிஞ்சா ரெண்டு பேருமே வேண்டாம், புது ஆள் பார்த்துக்கறேன்" என்று இயக்குநர் கறாராகச் சொல்லியிருந்தார். நூலகருக்கு இதெல்லாம் தெரியாது. இவளை வெறும் ரசிகை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கவனிப்பு மேடம் அது. நிஜமா இருந்தா, நமக்கெல்லாம் காது சும்மா கண்ணாடி மாட்டத்தான் போல."

"நிஜமோ பொய்யோ, பகுதி எண்ணுக்கு மேல என்ன இருக்கு? நிமிஷம் எங்கே? மூணாவது விதிப்படி தூக்கிடலாம்."

"தூக்கறதுக்கு முன்னாடி ஆதாரம் கேட்கணும், ஒரு மணி நேரம் டைம் தரணும்னு எழுதினது நீங்கதானே? கேளுங்க. தரலைன்னா நானே தூக்கிடறேன்."

அவள் போட்ட விதி அவள் காலையே வாரிவிட்டது. ‘மூன்று இடங்களைக் காட்டவும்’ என்று தட்டிவிட்டு, அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நான்கு மணிக்கு ஒலிப்பதிவு. கையிலிருந்த வசனத் தாளில் ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

அக்கா ஜன்னலோரம் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குக் கொஞ்சமாவது பதற்றம் இருக்காக்கா? உன் வேலைதான் போகப்போகுது!"

அக்கா எழுதிக் காட்டினாள். ‘நேத்து அழுத சீன் நல்லா இருந்துது. என்னை மாதிரியே.’

"மாதிரியே இருந்து என்ன பிரயோஜனம்? ஒருத்தன் கண்டுபிடிச்சிட்டானே! பாம்புச் செவி அவனுக்கு."

பயம் பாதி, எரிச்சல் பாதி. அச்சு அசலாகப் பேசுகிறோம் என்று இத்தனை நாள் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அக்கா சிலேட்டை மெதுவாகத் துடைத்துவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டாள்.

நாற்பதாவது நிமிடம் பதில் வந்தது.

‘ஒன்று: 12ஆம் பகுதி, நான்காம் நிமிடம். கோபத்தில் பேசுவதற்கு முன் அவள் மூச்சை விழுங்குவாள். இப்போது அது இல்லை.

இரண்டு: 38ஆம் பகுதி, ஒன்பதாம் நிமிடம். சிரித்து முடித்த பிறகும் ஒரு துளி சிரிப்பு மிச்சம் இருக்கும். இப்போது சட்டென்று நின்றுவிடுகிறது.

மூன்று: 44ஆம் பகுதி, இரண்டாம் நிமிடம். "அந்தக் கடிதத்தைப் பிரிக்காதே" என்று சொல்வதற்கு முன் வளையல்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள், சத்தம் வரக் கூடாது என்று. இப்போது பேசுகிறவள் கழற்றுவதில்லை. எழுபதாம் பகுதி முழுக்க வளையல் சத்தம்.’

தங்கை தன் கையைப் பார்த்தாள். நான்கு வளையல்கள்.

உடனே நூலகர் அழைத்தார். "பார்த்தீங்களா மேடம்! முதல் ரெண்டையும் இப்பதான் போட்டுக் கேட்டேன். சுத்தத் தங்கம். மூணாவதுதான் இடிக்குது. வளையலைக் கழட்டி மடியில வச்சது ரேடியோவுல எப்படிக் கேட்கும்? ஊகம். ரெண்டாவது விதிப்படி அதை மட்டும் எடுத்துடவா?"

அவள் பார்வை உள்ளறைக் கதவுக்குப் போனது. நாற்பத்து நான்காம் பகுதி ஸ்டூடியோவில் பதிவானதே இல்லை. தபால்காரி தனியாகப் பேசும் பகுதி அது. இந்த வீட்டு உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அக்கா ஒருத்தியே உட்கார்ந்து பதிவு செய்தாள். தங்கைகூட வெளியேதான் நின்றிருந்தாள்.

"மேடம், இருக்கீங்களா? எடுத்துடவா?"

"வேண்டாம் சார்" என்றாள். "அது ஊகம் இல்ல."

உள்ளறைக் கதவைத் திறந்தாள். கட்டிலில் கைப்பேசி கவிழ்ந்து கிடந்தது. எதுவும் கேட்பதற்கு முன்பே அக்கா சிலேட்டை நீட்டினாள்.

‘நான் இல்லைன்னு ஒருத்தராவது தேடுவாங்கன்னு ஒன்றரை மாசமா பார்த்தேன். யாருமே தேடலை. அதான் நானே தேடினேன்.’