முதல் வெட்டு

"பூஜையில வெச்ச சாமான்ல மரத்தூள் எப்படி வந்தது?"

சாம்பசிவன் போட்ட சத்தத்தில் ரெம்யா பூக்கூடையைக் கீழே விட்டாள்.

விஜயதசமி காலை. ஆரியசாலைச் சந்துக்குள் அவருடைய மரப்பட்டறை. ஆபீஸிலிருந்து ரிட்டயரானதும் பொழுது போகாமல் ஆரம்பித்தது. கோட்டைப் பக்கம் பாதி வீடுகளில் இவருடைய கொலுப்படிதான். அதை அவரே சொல்லுவார், நாம் கேட்க வேண்டியதில்லை.

அஷ்டமி சாயங்காலமே உளி, சுத்தியல் எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துக் கடையைப் பூட்டியாகிவிட்டது. தசமி காலையில் பூஜை எடுக்கும்வரை ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. மரம் அறுக்கிற பேண்ட்சா மெஷினைத் தூக்கிப் பூஜைப் பலகையில் வைக்க முடியுமா? அதனால் அதற்குப் பதிலாக அதன் புது ஃபென்ஸ் போய் உட்கார்ந்திருந்தது.

ஃபென்ஸ் என்றால் ஒரு நீள இரும்புச் சட்டம். பிளேடுக்குப் பக்கத்தில் பூட்டிவிட்டு, மரத்தை அதில் ஒட்டித் தள்ளினால் அறுப்பு கோணாமல் போகும். சாலைக் கடைத்தெருவில் போய் வாங்கிவந்து, மெஷினில் ஒருமுறைகூட மாட்டிப் பார்க்காமல் பூஜைக்கு வைத்தார்.

அதன் போல்ட் இடுக்கில்தான் இப்போது மரத்தூள்.

தசமியன்று முதல் வெட்டு அவர் கையால்தான். அது எப்படிப் போகிறதோ அப்படித்தான் வருஷமும் போகும் என்பது அவர் நம்பிக்கை. போன வருஷம் பழைய ஃபென்ஸை நம்பித் தள்ளிய பலகை, ஒரு முழம் போவதற்குள் பென்சில் கோட்டை விட்டு விலகியது. அப்புறம் முழங்கால் வலி, மகள் ஜானவிக்குத் தட்டிப்போன வரன், மழைக்கு ஒழுகின ஓடு எல்லாவற்றுக்கும் அந்தக் கோணல் வெட்டின் மேல்தான் பழி. மனிதர் வருஷம் பூரா சிரிக்கவே இல்லை.

"ரெம்யா, மெஷின் ஓட்டறவ நீதானே? யார் தொட்டா, சொல்லு!"

"ஐயோ சாரே, நான் அஷ்டமிக்கே எங்க ஊரு வித்துராவுக்குப் போயிட்டேன். இன்னிக்குக் காலத்தேதான் பஸ் எறங்கினேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அவளைச் சொல்லாதீங்க சாரே," என்றான் அஜீஷ். "நான்தான். நேத்து வந்தேன்."

அஜீஷ் பாறசாலைக்காரன். ஆறு வருஷமாக இங்கே வேலை. மெஷினுக்கு எந்த நோய் வந்தாலும் அவன்தான் டாக்டர்.

"நவமியன்னிக்கா? சாவி எங்காத்து ஆணியில தொங்கறது. உனக்கு எப்படிக் கெடச்சது?"

அஜீஷ் தரையைப் பார்த்தான்.

"கள்ளச்சாவியா?"

அவன் குனிந்து, ரெம்யா கீழே விட்ட பூக்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"உங்க சர்ச்சுல பைபிள் மேல நான் டீ கிளாஸை வெச்சா உனக்கு எப்படி இருக்கும்?"

"தப்புதான் சாரே."

"எதுக்கு வந்தே? சொந்த வேலையா?"

"அதச் சொல்ல முடியாது சாரே."

"அப்போ இங்கே இருக்கவும் முடியாது. கெளம்பு!"

மனைவி ஷெமிக்கு அடுத்த மாசம் பிரசவம். வேலை போச்சு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அஜீஷ் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"சாரே, நல்ல நேரம் போயிடும்," என்றாள் ரெம்யா.

சாம்பசிவன் கற்பூரம் காட்டினார். ஃபென்ஸை மெஷினில் மாட்டித் திருகை முறுக்கினார். சுவிட்சைப் போட்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பலகையைத் தள்ளினார்.

கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் போயிற்று. இரண்டு முனையிலும் அளந்து பார்த்தார். நூலளவு வித்தியாசம் இல்லை.

"அம்பாளே! பாத்தியா ரெம்யா, இவ்வளவு அபசாரம் நடந்தும் அவ என்னைக் கைவிடலை!"

ரெம்யா மெஷினுக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தாள். "அம்பாள் மட்டுமில்ல சாரே. இதக் கண்டீங்களா?"

ஒரு சாக்கு நிறையத் துண்டுப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பென்சில் கோடு, ஒரு அறுப்பு. முதல் துண்டில் அறுப்பு கோட்டை விட்டு எங்கோ போயிருந்தது. அடுத்ததில் கொஞ்சம் குறைவு. கடைசித் துண்டில் கோடும் அறுப்பும் ஒன்று.

"பிளேடு ஒரு பக்கமா இழுக்கும் சாரே. எவ்வளவு இழுக்குதுன்னு வெட்டி வெட்டிப் பாத்து, அந்த அளவுக்கு ஃபென்ஸையும் திருப்பி அதோட போல்ட்ட முறுக்கணும். அப்புறம் கழட்டி மாட்டினாலும் மாறாது. அரை நாள் வேலை. புதுசை மாட்டின உடனே வெட்டினா இப்படிப் போகவே போகாது."

சாம்பசிவன் துண்டுகளை எண்ணினார். இருபத்திரண்டு. அப்படியென்றால் அவர் போட்டது இருபத்துமூன்றாவது வெட்டு!

முழங்கால் வலியை மறந்து சந்துக்கு ஓடினார். அஜீஷ் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

"முட்டாள், இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"சொன்னா அந்த வெட்டுல சாருக்கு என்ன சந்தோசம்? இன்னொரு வருசம் சாரோட அந்த மொகத்தப் பாக்க எங்களால ஏலாது."

சாம்பசிவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டு, அவன் பையைப் பிடுங்கித் தானே உள்ளே தூக்கிப் போனார்.

"சாவியைப் பத்தி இனிமே கேக்க மாட்டேன். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணு கேட்டுக்கோங்கோ. இது மாமி காதுக்குப் போகப்படாது. ஒன்பது நாள் ஒருவேளைச் சாப்பாட்டோட விரதம் இருந்தவ. நவமியில மெஷின் ஓடித்துன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

இருவரும் தலையாட்டி முடிப்பதற்குள், அவர் மனைவி விஜயம் மாமி சுண்டல் தூக்கோடு வந்து நின்றாள். வெட்டின பலகையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். அஜீஷ் கையில் சுண்டலை வைத்தபடி ரகசியமாகச் சொன்னாள். மாமியின் ரகசியம் தெருக்கோடிவரை கேட்கும்.

"ஜெயிச்சுட்டேடா! நேத்திக்குச் சாவியைக் குடுத்து உன்னை இங்கே அனுப்பிட்டு, அம்பாள் முன்னாடி எத்தனை தடவை கன்னத்துல போட்டுண்டேன் தெரியுமா?"