குரங்குக்கு மஞ்சள் நீர்

வனத்துறை வாச்சர் ஆஸ்பத்திரி வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே பவளக்கொடி படுத்திருந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். ஆறு நாளாகக் காய்ச்சல். காலையிலிருந்து ஈறில் இரத்தம் கசிகிறது.

குரங்குக் காய்ச்சல் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வாச்சருக்கு அந்தப் பெயர் புதிதா என்ன? பயிற்சிக்குப் போய் வந்தவராயிற்றே. செத்த குரங்கைத் தொடாதீர்கள், அதன் மேலிருக்கும் உண்ணி இறங்கி ஆளைக் கடிக்கும், உடனே தகவல் சொல்லுங்கள். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்துச் சுவரில் அந்த நோட்டீஸை ஒட்டியதே அவர்தான்.

பத்து நாளைக்கு முன்னால் கோயில் வாசலில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. லயமே கூடிவிட்டது. குரங்கை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாலை, ஊதுவத்தி, மேளம். ஆஞ்சநேயருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

மஞ்சள் நீர் ஊற்றிக் குளிப்பாட்டப் பவளக்கொடியைக் கூப்பிட்டார்கள். குடத்தோடு வந்தவள் அவரைப் பார்த்தாள்.

"வாச்சரண்ணே, தொடலாமாண்ணே?"

அத்தனை பேரும் திரும்பினார்கள்.

சாமி காரியத்துக்குக் குறுக்கே நின்றவன் என்று பேர் வாங்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

தொடலாம் என்று தலையாட்டினார். பாவி மனுஷன், சும்மாவாவது நின்றிருக்கலாம்.

இன்று கட்டிலைச் சுற்றி அதே ஆட்கள்.

"காட்டுல ஒரு கொரங்கு மிஞ்சக் கூடாது. வெஷம் வெச்சுர வேண்டியதுதான்" என்று பல்லைக் கடித்தான் அவள் புருஷன். அன்றைக்கு நாற்காலி தூக்கியவன். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதப் பேனாவை எடுத்தார்.

"செத்த குரங்கைத் தொடக் கூடாதுன்னு உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"



பவளக்கொடி கண்ணைத் திறந்தாள். வாசலில் வாச்சர் நிற்பதைப் பார்த்துவிட்டாள். பார்வையில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வாச்சரண்ணே சொன்னாருங்க" என்றாள். "நாந்தான் கேக்கல."

"அடிப்பாவி, சொல்லியுமா?"

புருஷன் தலையிலடித்துக்கொண்டான். பிறகு வாச்சரைக் கண்டு பதறி எழுந்து, தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

"உள்ள வாங்கண்ணே. உக்காருங்க."



உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"அவ சொல்றத எழுதாதீங்க சார்" என்றார்.